பாட்டாவின் இடது கன்னம்: குடும்பப் படங்களைத் தொலைக்க நாம் செய்யும் தவறுகள்

எங்கள் பாட்டாவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, இருந்ததே ஒரே ஒரு படம். யாருடையவோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில் பின்வரிசை ஓரமாக நின்ற அவர் முகத்தை மட்டும் ஸ்டுடியோவில் பெரிதாக்கி, மேல்சட்டை வரைந்து, பிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். நாகர்கோவில் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்த மாதிரிப் படங்கள் நிறைய. ஒரு ஆனி, ஆடிச் சாரலில் சுவர் ஓதம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போனது. அண்ணன் கத்தி முனையை உள்ளே விட்டு நெம்பினான். படம் வந்தது. இடது கன்னம் மட்டும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

ஒட்டிய படத்தைப் பிரிக்கவே கூடாது. கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்திருக்கலாம். ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் போடாமல் போனிலாவது எடுத்திருக்கலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. கரையோரம் என்றால் உப்புக்காற்று வேறு. பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்டு, கீழ்த்தட்டில் ஆல்பத்தை அடுக்குவது பூசணத்துக்குப் பாய் விரிப்பது போல. அதைவிட மோசம், பிளாஸ்டிக் தாளை உரித்து ஒட்டும் அந்தக் காலத்து ஆல்பம். அதன் பசை ஆண்டுக்கணக்கில் படத்தை மஞ்சளாக்கும். தையல் நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு மெல்ல இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் பண்ணுகிறார்களே, அதைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது.

2021 நவம்பர் வெள்ளம் மாதிரி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் நனைந்த படங்களை வெயிலில் காயப்போடத்தான் கை போகும். வேண்டாம், சுருண்டுவிடும். ஸ்டுடியோவில் போட்ட பிரிண்ட் தண்ணீரைக் கொஞ்சம் தாங்கும். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் தானாகப் பிரியும். சேற்றை அலசி, படம் மேலே தெரியும்படி துணியில் பரப்பி, நிழலில் காற்றாட விடுங்கள். படத்தின் முன்பக்கத்தில் விரல் படக்கூடாது. இரண்டு நாளில் முடியாது என்றால் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது, மை கரைந்துவிடும்.

இனி என் தவறு. அம்மா போனில் இடம் இல்லை என்று எல்லாப் படத்தையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். காப்பி அல்ல, கட் பண்ணிப் பேஸ்ட். பேக்கப் எடுத்தாச்சு என்று வேறு பெருமையாகச் சொன்னேன். மூன்றாம் மாதம் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது. செருகினால் டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. இடத்தை மாற்றினேனே தவிர, இரண்டாவது பிரதி என்று ஒன்று எந்த நாளும் இருக்கவில்லை.

கூகுள் போட்டோஸிலும் இதே குழப்பம்தான். பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலியிலிருந்து நீக்கினால் போன், கிளவுட் இரண்டிலிருந்தும் போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், அவ்வளவுதான். போனில் இடம் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக உள்ள வசதியைப் பயன்படுத்துங்கள். இலவச 15 ஜிபி ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான். நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும், அறிவிப்பைக் கவனிக்காவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை கூகுள் நீக்கவும் கூடும். இறந்துபோனவர்களின் படங்கள் அவர்கள் கணக்கில் மட்டும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கி வருகிறது. திரையில் நன்றாகத்தான் இருக்கும், பெரிதாகப் பிரிண்ட் போட்டால் தெரியும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

புகைப்படக்காரர்கள் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். அந்தக் கடைசி ஒன்றில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக்குள் கடல் வந்தபோது, ஒரே வீட்டில் பத்துப் பிரதி இருந்தாலும் என்ன பிரயோசனம்? ஹார்ட் டிஸ்க் ஒன்றை வேறு ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டில் கொடுத்து வையுங்கள். பென் டிரைவை நம்பி வருஷக்கணக்கில் டிராயரில் போடாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பத்துப் படமாவது பாருங்கள். திறக்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

பாட்டாவின் கன்னமும் வேறு ஊரில் இருந்த பிரதியால்தான் திரும்பி வந்தது. மும்பையில் இருக்கும் மாமியிடம் அந்தக் குரூப் போட்டோவின் இன்னொரு பிரிண்ட் இருந்தது. கல்யாணம் முடிந்து போகும்போது பெட்டியில் வைத்துக்கொண்டு போனதாம். சின்ன முகம் என்பதால் 1200 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) ஸ்கேன் செய்யச் சொன்னேன். சாதாரண நாலுக்கு ஆறு படத்துக்கு 600 போதும்.

படத்தில் பதினேழு பேர். எனக்கு நாலு பேரைத்தான் தெரிந்தது. வீடியோ காலில் ஒவ்வொரு முகமாகக் காட்டிக் கேட்டு, எடுத்துவைத்த பிரிண்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன். பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

"பாட்டா பக்கத்துல நிக்கது யாரு மாமி?"

"அவனா? கொட்டாரத்துக்காரன் மக்கா. உங்க பாட்டாட்ட நூறு ரூவா வாங்கிட்டுப் போனவன். இன்னும் தரல."

அதையும் எழுதிக்கொண்டேன்.