ஜேனை வால்ட் கொன்றாரா? க்ரைம் தொடர் விவாதத்தில் புதிதாக இறங்குபவர்களுக்கு

க்ரைம் தொடர் ஒன்றை ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்து முடிக்கிறோம். அதே சூட்டோடு நண்பர்களிடம் பேசப் போகிறோம். முதல் பத்து நிமிடம் ஒரே உற்சாகம். அப்புறம் ஒருவர் "நீ சரியாவே பார்க்கல" என்பார். இன்னொருவர் "உனக்கு அந்த கேரக்டரைப் பிடிக்காது, அதான் இப்படிப் பேசற" என்பார். கடைசியில் எதற்காக ஆரம்பித்த சண்டை என்பதே மறந்துபோயிருக்கும். பல வருடம் இப்படித் தொண்டை வறளக் கத்தியவன் நான். தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு 'பிரேக்கிங் பேட்' தொடரை எடுத்துக்கொள்கிறேன். 2008 முதல் 2013 வரை ஐந்து சீசன், மொத்தம் 62 எபிசோடு. நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்த வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், தன் பழைய மாணவன் ஜெஸ்ஸி பிங்க்மேனுடன் சேர்ந்து மெத் என்ற போதைப்பொருளைத் தயாரிக்கும் கதை. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே எதையும் மறைக்கப் போவதில்லை.

படி 1: யார் எதுவரை பார்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்

ஒரே கேள்விதான்: "எந்த எபிசோடு வரைக்கும் வந்திருக்கீங்க?" பதில் வந்ததும் அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். "அடுத்ததுல ஒண்ணு வருது, நான் சொல்ல மாட்டேன்பா" என்று சிரிப்பதும் ஸ்பாய்லர்தான். கேட்டவர் அந்த எபிசோடு முழுக்க அந்த 'ஒண்ணு' எப்போது வரும் என்றே உட்கார்ந்திருப்பார்.

படி 2: சண்டை எதைப் பற்றி என்று ஒரு வரியில் எழுதுங்கள்

எழுதச் சொல்கிறேன், நினைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஜேன் விஷயத்தையே பார்ப்போம். ஜேன், ஜெஸ்ஸியின் காதலி. இரண்டாவது சீசனின் 12-வது எபிசோடில், ஹெராயின் மயக்கத்தில் தூங்கும்போது வாந்தி மூச்சை அடைத்து இறந்துபோகிறாள். வால்ட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதை வைத்து எழும் கேள்விகள் வெவ்வேறு ரகம். வால்ட் என்ன செய்தார் என்பது ஒன்று. ஏன் அப்படிச் செய்தார் என்பது இன்னொன்று. அது கொலையா, கொலைக்குச் சமமா என்பது மூன்றாவது. எழுதியவர்கள் ஏன் ஜேனைச் சாகடித்தார்கள் என்பது இதிலெல்லாம் ஒட்டாத தனிக் கேள்வி. ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், எதிரே இருப்பவர் மூன்றாவதற்கு மறுப்பு சொல்லிக்கொண்டிருப்பார். நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி இந்த வகை. "இப்ப நாம பேசறது என்ன நடந்ததுன்னா, ஏன் நடந்ததுன்னா?" என்று நடுவில் கேட்டாலே பாதி சத்தம் அடங்கிவிடும்.

படி 3: காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள்

இந்தப் பதிவிலேயே முக்கியமான படி இது. எல்லோரும் தாண்டிப்போவதும் இதைத்தான்.

ஜேன் காட்சி பற்றி எனக்கும் ஒரு நண்பனுக்கும் பெரிய தகராறு. "வால்ட் எதையும் தொடவே இல்லை, சும்மா நின்னு பார்த்தார், அவ்வளவுதான்" என்று நான் அடித்துச் சொன்னேன். "இல்லைடா, அவர்தான் அவளைப் புரட்டிப் போட்டார்" என்று அவன். இரண்டு பேருக்கும் காட்சி கண்ணிலேயே நின்றது. இரண்டு பேரும் சத்தியம் செய்யத் தயார்.

போட்டுப் பார்த்தோம். ஜெஸ்ஸியும் ஜேனும் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்கள். வால்ட் உள்ளே வந்து ஜெஸ்ஸியை எழுப்பப் பார்க்கிறார். தோளைப் பிடித்து உலுக்குகிறார். அவன் எழவில்லை. ஆனால் அந்த உலுக்கலில் பக்கத்தில் இருந்த ஜேன் மல்லாந்து விழுகிறாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்து மூச்சுத் திணறுகிறாள். வால்ட் கட்டிலைச் சுற்றி அவள் பக்கம் ஓடுகிறார். திருப்பிப் படுக்கவைக்கப் போகிறவர் மாதிரிதான் ஓடுகிறார். கை அப்படியே நின்றுவிடுகிறது. கண் கலங்குகிறது. அப்புறம் முகம் மெல்ல இறுகுகிறது.

ஆக, நான் சொன்னதும் தப்பு, அவன் சொன்னதும் தப்பு. வால்ட் அவளைப் புரட்டவில்லை. ஆனால் அவர் கை படாமல் இருந்திருந்தால் அவள் மல்லாந்திருக்க மாட்டாள். எனக்குத் தோதான பாதியை என் நினைவு வைத்துக்கொண்டது, அவனுக்குத் தோதான பாதியை அவனுடையது. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று யாராவது ஆரம்பித்தால், அன்றிலிருந்து ரிமோட்டைத்தான் தேடுகிறேன்.

பார்க்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் சீசன், எபிசோடு, நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். "கை நின்றது" என்று எழுதலாம். "அவளைச் சாகவிட முடிவெடுத்தார்" என்று எழுதக் கூடாது. இரண்டாவது உங்கள் தீர்ப்பு, அதற்கு நேரம் வரும்.

படி 4: அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் போங்கள்

ஒரு காட்சியை மட்டும் பிடுங்கி எடுத்து உறவைத் தீர்மானிக்கக் கூடாது. "வால்ட்டுக்கு ஜெஸ்ஸி மகன் மாதிரி" என்று ஒரு கட்சி. "மகனும் இல்லை ஒண்ணும் இல்லை, தன் கைக்கருவியா வச்சிருந்தார்" என்று இன்னொரு கட்சி. இந்த வழக்குக்கு 'ஏன்' என்ற கேள்விதான் உயிர்.

முன்னால் போவோம். ஜெஸ்ஸியின் பங்கு 4,80,000 டாலர். போதையை விட்டுவிட்டதாகச் சோதனையில் காட்டினால்தான் தருவேன் என்று வால்ட் அதைப் பிடித்துவைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் ஜேன் மிரட்டுகிறாள். வால்ட் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பிறகு ஒரு மதுக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம், தன் உறவுக்காரப் பையன் ஒருவன் கெட்டுப்போவதைப் பற்றிப் புலம்புகிறார். குடும்பம் என்றால் கைவிடக் கூடாது என்கிறார் அந்த மனிதர். அவர்தான் ஜேனின் அப்பா. வால்ட்டுக்கு அது தெரியாது. அங்கிருந்துதான் வால்ட் திரும்பவும் ஜெஸ்ஸி வீட்டுக்குப் போகிறார். இன்னொன்று: அதே எபிசோடில், பால் கக்கினால் மூச்சு அடைக்காமல் இருக்க, வால்ட்டின் கைக்குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்கிறார்கள். மல்லாந்து கிடப்பவளுக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது என்ற வாதம் அத்தோடு போச்சு.

இப்போது பின்னால். மூன்றாவது சீசனின் பத்தாவது எபிசோடில், ஆய்வுக்கூடத்தில் ஓர் ஈயைத் துரத்திக்கொண்டே அரைத்தூக்கத்தில் பேசும் வால்ட், உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று நாம் மூச்சைப் பிடித்திருக்கும்போது, ஜேனுக்காக வருந்துகிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கடைசி சீசனின் 14-வது எபிசோடில்தான், ஜெஸ்ஸியை வேறு ஆட்கள் இழுத்துப்போகும் நேரத்தில், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். பாவமன்னிப்பாக வந்திருக்க வேண்டிய வாக்கியம் கத்தியாக வருகிறது. அதே உண்மை, இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்கிறது. உறவைப் பற்றிப் பேச இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு பயிற்சி செய்து பாருங்கள். உங்கள் கட்சிக்கு எதிரான காட்சி ஒன்றை நீங்களே தேடி எடுத்து முதலில் சொல்லுங்கள். நீங்கள் 'மகன்' கட்சியா? ஜெஸ்ஸியைத் தன் பக்கம் இழுப்பதற்காக நான்காவது சீசனில் ப்ராக் என்ற சின்னப் பையனுக்கு வால்ட் விஷம் வைத்ததை நீங்களே எடுத்துப் போடுங்கள். 'கருவி' கட்சியா? மூன்றாவது சீசன் முடிவுக்கு முந்தைய எபிசோடில், ஜெஸ்ஸியைக் காப்பாற்ற இரண்டு பேர் மேல் காரை ஏற்றிவிட்டு அவனை ஓடச் சொன்னாரே, அதைச் சொல்லுங்கள். எதிராளி எடுத்துவைக்கவேண்டியதை நீங்களே வைத்துவிட்டால் பேச்சின் தொனியே மாறும்.

படி 5: பாத்திரத்தின் காரணம் வேறு, எழுதியவரின் காரணம் வேறு

தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன், ஜெஸ்ஸியை முதல் சீசனிலேயே சாகடிக்கத்தான் முதலில் திட்டமிட்டிருந்தார். ஜெஸ்ஸியாக நடித்த ஏரன் பால் வந்த பிறகு மனதை மாற்றிக்கொண்டார். இது சுவையான தகவல். ஆனால் "வால்ட் ஏன் ஜெஸ்ஸியை விட்டுவைத்தார்?" என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது. கதைக்குள் கேட்ட கேள்விக்குக் கதைக்குள்தான் பதில் தேட வேண்டும்.

அடுத்து, புதியவர்கள் பொழுதுக்கும் கையில் எடுக்கும் ஆயுதம்: "இது ஓட்டை!" சற்றுப் பொறுங்கள். தொடர் தனக்குத் தானே விதித்த விதியை மீறினால்தான் ஓட்டை. தற்செயல் ஓட்டை ஆகாது. பாத்திரம் முட்டாள்தனமாக நடந்துகொள்வதும் ஓட்டை ஆகாது, மனிதர்கள் அப்படித்தான்.

ஜேனின் அப்பா விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். மகள் போன துக்கத்தில் வேலைக்குத் திரும்பிய அவர் செய்த பிழையால் இரண்டு விமானங்கள் மோதுகின்றன. அதுவும் வால்ட் வீட்டுக்கு மேலே. "கதை எழுதத் தெரியாம முடிச்சிட்டாங்க" என்று நானே கேலி செய்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது: அந்த சீசனின் 1, 4, 10, 13 ஆகிய நான்கு எபிசோடுகளின் தலைப்புகளைச் சேர்த்துப் படித்தால், கதை நடக்கும் ஊரான ஆல்புகர்க்கி மேல் ஒரு 737 விமானம் விழுந்தது என்ற பொருளில் வாக்கியம் வருகிறது. நீச்சல் குளத்தில் மிதக்கும் இளஞ்சிவப்புக் கரடிப் பொம்மை அதே நான்கு எபிசோடுகளின் தொடக்கத்தில் வருகிறது. முதல் எபிசோடிலேயே சொல்லிவிட்டு ஆரம்பித்திருக்கிறார்கள். அது மிகையான தற்செயல் என்று இப்போதும் சொல்வேன். தெரியாமல் முடித்தார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சில கேள்விகளுக்குத் தொடரிலேயே பதில் இருக்காது என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள். 'தி சோப்ரானோஸ்' 2007 ஜூன் 10 அன்று, காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை சட்டென்று கறுத்து முடிந்தது. கேபிள்தான் போய்விட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. அதன் நாயகன் டோனி செத்தாரா இல்லையா என்று இன்னும் பேசுகிறார்கள். அங்கே ஜெயிக்கப் பார்க்காதீர்கள், ரசித்துப் பேசுங்கள்.

படி 6: ஷிப்பிங் பேச்சிலும் வெறுப்புப் பேச்சிலும் உங்கள் வாயைக் கவனியுங்கள்

இரண்டு பாத்திரங்கள் சேரவேண்டும் என்று ஆசைப்படுபவர்களை ஷிப்பர் என்கிறோமே, அந்தச் சொல் 1990-களில் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' ரசிகர்களிடம் பிறந்தது. மோல்டரும் ஸ்கல்லியும் சேர வேண்டுமா, வேண்டாமா என்று இரண்டு முகாம். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. "சேர்ந்தா எனக்குப் பிடிக்கும்" என்பதை "அவங்களுக்குள்ள ஏற்கெனவே காதல் இருக்கு" என்று மாற்றிச் சொல்லாமல் இருந்தால் போதும். முதலாவதற்குச் சான்று வேண்டாம். இரண்டாவதற்குக் காட்சி வேண்டும்.

வெறுப்பு இன்னும் சிக்கல். வால்ட்டின் மனைவி ஸ்கைலர் மேல் ரசிகர்கள் கொட்டிய கோபம், அவராக நடித்த அன்னா கன் மேலேயே திரும்பியது. 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் அவரே அதைப் பற்றி எழுத வேண்டி வந்தது. பாத்திரத்தைத் திட்டுங்கள், நடித்தவரை விட்டுவிடுங்கள். இதை ஒரு படியாக எழுத வேண்டியிருப்பதே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தமிழில் பேசும் நமக்கு மட்டும் ஒரு கூடுதல் பொறி உண்டு. "அவர் குடும்பத்துக்காகத்தானே செஞ்சார், அவ ஏன் அப்படிக் கத்துறா?" மெத் காய்ச்சியவருக்கு 'அவர்', கேள்வி கேட்டவளுக்கு 'அவ'. தீர்ப்பு விகுதியிலேயே வந்துவிட்டது. உங்கள் பழைய குரல் பதிவு ஏதாவது இருந்தால் போட்டுக் கேளுங்கள். நான் கேட்டேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை மாட்டிக்கொண்டேன். இப்போது ஒன்று, எல்லோருக்கும் மரியாதை. இல்லை, யாருக்கும் இல்லை. இந்தப் பதிவிலேயே ஜேனை 'அவள்' என்று எழுதியிருக்கிறேனே என்று கேட்பீர்கள். ஜெஸ்ஸியையும் 'அவன்' என்றுதான் எழுதியிருக்கிறேன், சின்ன வயசு என்ற கணக்கில். அந்தக் கணக்கும் சரியா என்று தெரியவில்லை.

படி 7: ஒத்துக்கொண்டதை எழுதி வையுங்கள்

பேச்சு முடியும்போது இரண்டு பேரும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் ஒரு வாக்கியம் கிடைத்தால், குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சுழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிராது. ஜேன் வழக்கில் எனக்கும் நண்பனுக்கும் கிடைத்தது இது: "ஆபத்தை வால்ட் தெரியாமல் உண்டாக்கினார், தெரிந்தே விலக்காமல் நின்றார்." இதற்கு ஒன்றரை மணி நேரமும் இரண்டு டம்ளர் டீயும் ஆயின. கையெழுத்துப் போட்ட கையோடு அவன் கேட்டான்: "சரி, அந்தக் கண்ணீர் யாருக்காக? ஜேனுக்கா, ஜெஸ்ஸிக்கா, தனக்கா?" ரிமோட் மறுபடி என் கைக்கு வந்தது.