பெட்டர்சனை எங்கிருந்து கேட்கத் தொடங்கக் கூடாது

சுவீடன் இசையமைப்பாளர் அல்லன் பெட்டர்சனை (1911–1980) கேட்கப் புகுபவர்களில் பலர் முதல் கால் மணி நேரத்திலேயே எழுந்துவிடுகிறார்கள். இருட்டு, இரைச்சல், நீளம் என்று மூன்று புகார்கள். மூன்றும் பொய்யில்லை. ஆனால் அவர்கள் தோற்பது பெரும்பாலும் நுழைந்த வாசலால்தான்.

வரிசை எண்ணை நம்பி ஒன்றிலிருந்து தொடங்குவது மிகப் பரவலான தவறு. ஆர்க்கெஸ்ட்ராவுக்கான நீண்ட படைப்புகளான சிம்பொனிகளில் முதலாவதை அவர் 1950களின் தொடக்கத்தில் எழுதி, முடிக்காமலே விட்டுவிட்டார். இன்று கேட்கக் கிடைப்பது, அந்தக் கைப்பிரதிகளிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் வாசிக்கத் தகுந்ததாக ஆக்கிய வடிவம். 17ஆவதும் துண்டுதான், அதை முடிப்பதற்குள் இறந்துவிட்டார். முழுமையானவை 2 முதல் 16 வரை. அவற்றில் 9, 13 இரண்டும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுபவை. ‘மிகப் பெரியதிலிருந்தே பார்த்துவிடுவோம்’ என்று அவற்றில் கை வைப்பது அடுத்த தவறு.

தொடங்க வேண்டியது 7ஆவது. 1966–67இல் எழுதியது. 1968 அக்டோபர் 13 அன்று ஸ்டாக்ஹோமில் ஆன்டால் டொராட்டி நடத்திய முதல் அரங்கேற்றமே, அதுவரை ஓரமாக இருந்த பெட்டர்சனைப் பற்றிச் சுவீடன் முழுக்கப் பேசவைத்தது. நீளம் நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேலே. பி மைனர் என்ற சுருதித்தளம் காலடியில் தெளிவாகத் தெரிவதால், எவ்வளவு மோதல் நடந்தாலும் எங்கே நிற்கிறோம் என்பது காதுக்குத் தெரியும். பெட்டர்சன் பாரீஸில் ரெனே லெய்போவிட்ஸிடம் பன்னிரு சுர முறையை, அதாவது எந்தச் சுரத்தையும் அடிப்படையாக நிறுத்தாமல் பன்னிரண்டையும் சமமாக நடத்தும் முறையை, கற்றவர். கற்றும் அந்த முறையில் தன் சிம்பொனிகளை அமைக்கவில்லை. ‘நவீன இசை என்றால் மெட்டே இருக்காது’ என்ற எண்ணத்தோடு உட்கார்ந்தால், எதிரே வரும் மெட்டைக் காது தவறவிடும்.

நான்கு பகுதிகளை எதிர்பார்த்து உட்காராதீர்கள். 3ஆவதில் நான்கு உண்டு, 8ஆவதில் இரண்டு. மற்றவை ஏறக்குறைய எல்லாமே நிறுத்தமில்லாத ஒரே ஓட்டம். நமக்கு வசதியாக இருக்கட்டும் என்று குறுந்தகடு வெளியிட்டவர்கள் அந்த ஓட்டத்தைப் பல தடங்களாக வெட்டியிருப்பார்கள். அங்கே புதுப் பகுதி எதுவும் தொடங்குவதில்லை. ஆகவே செயலியில் கேட்பவர்கள் முதலில் ஷஃபிளை அணைக்க வேண்டும்; ஒரு தடத்தை இன்னொன்றோடு கரைக்கும் கிராஸ்ஃபேடையும் அணைக்க வேண்டும். தடங்கள் ஒன்றோடொன்று கரைந்தாலும், இடையே ஒரு நொடி மௌனம் விழுந்தாலும் இந்த இசையில் பிடி தளர்ந்துவிடும்.

ஒலியளவில் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 7ஆவது தாழ்ந்த குரலில், அடித்தளக் கருவிகளின் முனகலாகத் தொடங்குகிறது. சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டுவீர்கள். சில நிமிடங்களில் பித்தளைக் கருவிகளும் மேளமும் சேர்ந்து வந்ததும் பதறிக் குறைப்பீர்கள். பிறகு மெல்லிய இடங்கள் எதுவும் காதில் விழாது. உரத்த இடம் ஒன்றை முன்கூட்டியே ஓடவிட்டு, அதைக் காது தாங்கும் அளவில் ஒலியை நிறுத்திவிட்டு, பிறகு ஆரம்பத்துக்குப் போங்கள், இடையில் தொடாதீர்கள். பேருந்திலும் சமையல் வேலைக்கு நடுவிலும் இது சரிப்படாது. வெளிச் சத்தம் மெல்லிய பாதியை விழுங்கிவிடும். மிஞ்சுவது இரைச்சல் மட்டும்; அதைத்தான் பிறகு ‘பெட்டர்சன்’ என்பார்கள்.

இன்னொரு பிழை, ‘அழகான இடத்தை’ மட்டும் வெட்டி எடுத்துக் கேட்பது. அவருடைய பெரிய சிம்பொனிகளில், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு தந்திக் கருவிகள் எளிய பாட்டுப் போன்ற ஒன்றை எடுத்து நிதானமாக விரிக்கும். விமர்சகர்கள் அதை மெட்டுத் தீவு என்கிறார்கள். 7இல் பாதியைத் தாண்டிய பிறகு வருவது அவற்றில் மிகப் புகழ்பெற்றது. தனியாகக் கேட்டால் அது இனிய சோகப் பாட்டு, அவ்வளவே. முன்னால் இருக்கும் அரை மணி நேரத்தைத் தாங்கி வந்தவருக்கு அதே சுரங்கள் வேறு எடையில் இறங்கும். கட்டுமானமே அந்த எடைக்காகத்தான். 6இல் இன்னும் துணிச்சல்: சுமார் ஒரு மணி நேரப் படைப்பின் பின்பாதி நீண்டதொரு புலம்பலாகவே போகிறது. அதன் வித்து அவர் 1943–45இல் தன் சொந்தக் கவிதைகளுக்கு மெட்டமைத்த 24 ‘வெறுங்கால் பாடல்க’ளில் ஒன்று. குரலும் பியானோவும் மட்டுமான அந்தச் சிறு பாடல்களை 6ஆவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

வாழ்க்கைக் கதையைக் கொண்டு இசையை விளக்கிவிடுவதும் வேண்டாம். ஸ்டாக்ஹோமின் சோடர்மால்மில் வறுமை, குடிகாரத் தந்தை, 1950களில் தொடங்கி விரல்களை முடக்கிய மூட்டுவாதம், 1970இல் நீண்ட மருத்துவமனை வாசம்: எல்லாம் உண்மை. ஆனால் வலி மட்டும் நாற்பது நிமிட இசையைக் கட்டி நிறுத்தாது. பத்தாண்டு ஆர்க்கெஸ்ட்ராவின் நடுவே வயோலா வாசித்தவர் அவர். ஒரு சிறு சுரக்கூறை எடுத்து, நீட்டி, புரட்டி, கருவி மாற்றிக் கைமாற்றும் கைவேலைதான் இசையைத் தாங்குகிறது. அதைப் பின்தொடருங்கள்.

பதிவு எதுவானாலும் ஒன்றுதான் என்று நினைப்பது கடைசித் தவறு. 7க்கு டொராட்டியின் பதிவு இறுக்கமானது. இன்னொரு நடத்துநர் லெய்ஃப் செகெர்ஸ்டாம் நிதானித்துப் போகிறார். 9இல் வேறுபாடு பெரிது: செர்ஜியு கொமிசியோனா சுமார் 83 நிமிடம் எடுத்துக்கொள்ள, ஆலன் ஃப்ரான்சிஸ் சுமார் 70இல் முடிக்கிறார். முதல்முறைக்கு ஃப்ரான்சிஸே மேல்.

7க்குப் பின் 8, பிறகு 6, அதன்பின் வயலின் கலைஞர் இடா ஹென்டலுக்காக எழுதிய இரண்டாம் வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த படைப்பு), அப்புறம் 9. இடையே 10, 11 இரண்டும் அரை மணி நேரத்துக்குள் முடிகின்றனவே என்று ஏமாந்துவிடாதீர்கள். அடர்த்தியில் அவை 7ஐ விடக் கடுமையானவை. 13ஐ எல்லாவற்றுக்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.