நோயாளியின் ஃபைல் கைமாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். வாழப்பாடி, ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு என்று நாலா பக்கமிருந்தும் எங்களிடம் ரெஃபர் ஆகி வருவார்கள். எங்களிடமிருந்து அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கும் கோவைக்கும் போவார்கள். ஆள் போகிற இடத்துக்கு விவரமும் போய்ச் சேர வேண்டும், வழியில் யார் கண்ணிலும் படாமல். இந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்தால், நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் நடந்த அதே தவறுகள் திரும்ப நடக்கின்றன. பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதே, ஃபைலை மேஜைமேல் திறந்து போடாதே என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கூட வந்தவரின் போன் நம்பரைப் பதிவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற தவறு இதுதான். ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டரில் "நம்பர் சொல்லுங்க" என்று கேட்கிறோம். நோயாளி வலியில் உட்கார்ந்திருப்பார். பணம் கட்ட நிற்பவர் தன் நம்பரைச் சொல்வார். அதைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறோம். அந்த நிமிடத்திலிருந்து அந்த நோயாளியின் லேப் ரிசல்ட், ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் தானாகவே அந்தப் போனுக்குப் போகும்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். மேஸ்திரிதான் ஜீப்பில் அழைத்து வந்தார், நம்பரும் அவருடையதுதான். கர்ப்பப் பரிசோதனை முடிவு அவர் போனுக்குப் போனது. அந்தப் பெண்ணிடம் டாக்டர் சொல்வதற்கு முன்பே மலையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் எங்களிடம் திரும்பி வரவே இல்லை.

அதோடு முடிந்திருந்தால்கூட மன்னிக்க முடியாத விஷயம்தான். ஆனால் அடுத்து வேறொரு மருத்துவமனைக்குப் போனவர், "இதுக்கு முன்னாடி எங்கேயும் காட்டலை" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காட்டிய இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தவர். பென்சிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று எங்கள் ஃபைலில் பெரிதாக எழுதியிருந்தது. அது அங்கே யாருக்கும் தெரியாது. ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, ஐ.சி.யூ. வரை போய்த்தான் பிழைத்தார். ரகசியத்தைக் காப்பதும் தகவலைப் பகிர்வதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யாராவது சொன்னால் நான் இந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொள்வேன். முதலாவது உடைந்ததால்தான் இரண்டாவது நடக்காமல் போனது.

இதே நம்பரால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு வீட்டில் ஒரே போன் என்றால், நம்பரைப் போட்டுத் தேடும்போது மாமியார், மருமகள், பேரன் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள். அவசரத்தில் முதல் பெயரைத் தட்டி அந்த ஃபைலை அனுப்பினால், மாமியாரின் சர்க்கரை மாத்திரை மருமகளின் கணக்கில் ஏறும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் கொஞ்ச காலத்தில் வேறு யாருக்கோ போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒவ்வொருவரின் மருத்துவ விவரங்களையும் இணைக்க மத்திய அரசு தரும் ஆபா (ABHA) எண் வந்துவிட்டது, இனி இந்தத் தொல்லை இல்லை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அந்த 14 இலக்க எண்ணை வைத்து ஃபைல்கள் டெல்லியில் ஒரே இடத்தில் குவிவதில்லை. அவை அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி சம்மதித்தால் மட்டும் அடுத்த இடத்துக்குப் போகும். எதற்காக, எந்தெந்த ரிப்போர்ட், எத்தனை நாளைக்கு என்று சம்மதத்தில் வரையறுக்கலாம், பிறகு ரத்தும் செய்யலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சம்மதம் கேட்டு வரும் செய்தி ஒரு போனுக்குத்தானே வருகிறது? அந்தப் போன் யார் கையில் இருக்கிறதோ அவர் "சரி" என்று அழுத்திவிடுவார்.

அதனால் நோயாளியையே தனியாகக் கேளுங்கள்: "இது உங்க சொந்த நம்பரா? ரிப்போர்ட் இதுக்கு வரலாமா?" இல்லை என்றால், யாருடைய நம்பர் என்று எழுதிவிட்டு, தானாக அனுப்பும் வசதியை நிறுத்துங்கள். ரிப்போர்ட்டை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். தேடும்போது மருத்துவமனை எண், பிறந்த வருடம், அப்பா அல்லது கணவர் பெயர் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் நம்பரைத் திரும்பக் கேளுங்கள். க்யூ நீளும், திட்டுவார்கள். பரவாயில்லை.

ரகசியம் என்று சொல்லி டாக்டரிடமே மறைப்பது

பயந்த சுபாவமுள்ள பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், நோயாளியின் சம்மதமில்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்கிறது. ஆனால் அவருக்குச் சிகிச்சை தரும் இன்னொரு மருத்துவருக்கு, சிகிச்சைக்குத் தேவை என்றால், தெரிவிப்பதற்கு அதே சட்டம் இடம் தருகிறது. மனநலச் சிகிச்சைக்கும் அதே ஆண்டு வந்த சட்டத்தில் இப்படி ஒரு வழி இருக்கிறது. ரெஃபரல் லெட்டருக்குள் எழுதி, கவரை ஒட்டி, டாக்டர் பெயரைப் போட்டு அனுப்புங்கள். ஃபைல் அட்டைமேல் சிவப்பு மையில் எழுதுவது பெரிய தவறு. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் முதல் டீ கொடுக்கிறவர் வரை அதைப் படிப்பார்கள்.

முழு ஃபைலையும் தூக்கிக் கொடுப்பது

கால் உடைந்தவரின் குழந்தையின்மைச் சிகிச்சை விவரம் எலும்பு டாக்டருக்கு எதற்கு?

வாட்ஸ்அப் குரூப்

நோயாளியின் விவரம் எதையும் அதில் போடவே போடாதீர்கள்.

நோயாளி கேட்டால் இழுத்தடிப்பது

2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். "பில் பாக்கி இருக்கு, ரெக்கார்ட்ஸ் ஆள் லீவு" என்றெல்லாம் சொல்லி அலைய வைக்காதீர்கள்.

போனில் கேட்டதும் படித்துக் காட்டுவது

"நான் இந்த ஆஸ்பத்திரியிலிருந்து பேசுறேன், அவசரம், பழைய ரிப்போர்ட்டைச் சொல்லுங்க" என்று அழைப்பு வரும். உண்மையாகவும் இருக்கலாம், சொத்துத் தகராறில் இருக்கும் மச்சானாகவும் இருக்கலாம். போனை வைத்துவிட்டு, அந்த மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். கேட்டவர் பெயர், பிரிவு, காரணம், நேரம் நான்கையும் ரிஜிஸ்டரில் எழுதுங்கள். நிஜமாகவே உயிர் போகிற அவசரம் என்றால் நம் டியூட்டி டாக்டரை அவர்களுடைய டியூட்டி டாக்டரோடு பேச விடுங்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் தேவையான பக்கங்களை எடுத்து வைத்துவிடலாம்.