சிறுமியின் முடிக்கு டை, முகத்துக்கு மேக்கப்: தாய்மாரும் புதிய அழகுக்கலைஞர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் நான் பார்லர் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஒரு நாள், என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் ஒருத்தி, பதினொரு வயதுச் சிறுமியின் புறங்கையில் கருப்பு மெஹந்தி கோனை வைக்கப் போனதைக் கண்டு, ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துவிட்டேன். அவள் திகைத்து, "எல்லாரும் போடுறதுதானே அக்கா" என்றாள். அதே சொற்களை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்கு என் அக்கா மகள் கொடுத்த விலையை இன்றுவரை பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். இதை எழுதத் தூண்டியது அந்தக் கோன்தான்.

காலாவதித் தேதியைப் பார்ப்பது, மேக்கப்பைக் கலைக்காமல் உறங்க விடாதிருப்பது போன்றவற்றை எல்லோரும் அறிவர் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வயதை மட்டும் கேட்பது

"எத்தனை வயசுல போடலாம்?" என்பதே தாய்மார்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு விடை சொல்லுமுன் நான் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்: பூசப்போவது எது, அது உடம்பில் எவ்வளவு காலம் தங்கும், அதை விரும்புவது மகளா தாயா. நகப்பூச்சு, லேசான நிறமுள்ள லிப் பாம், விசேஷ நாளில் சிறிது கண்மை ஆகியவை அன்று மாலையே கழுவிவிடக்கூடியவை. பத்து வயதுப் பெண் ஆசைப்பட்டால் அவற்றை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. தினமும் ஃபவுண்டேஷன் பூசுவது வேறு. பூப்பை ஒட்டிய ஆண்டுகளில் முகத்தின் எண்ணெய்ச் சுரப்பிகள் வேகமாக வேலை செய்யத் தொடங்கும். அந்த நேரத்தில் கனமான பூச்சு துளைகளை அடைத்துப் பருவை வரவழைக்க, அந்தப் பருவை மறைக்க இன்னும் கனமாகப் பூசும் பழக்கம் வந்துவிடுகிறது. முடியைக் கருப்பாக்கும் டையோ தோலுக்குள் செல்லக்கூடிய இரசாயனம். அதற்கு 16 வயதுவரை காத்திருக்க வேண்டும் என்பதே என் முடிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் இத்தகைய டை உள்ள பெட்டிகளின் மேல், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியதன்று என்ற எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள். என் முடிவு அந்த வாசகத்தைப் படிப்பதற்கு முன்பே, வேறு வழியில் எனக்கு வந்தது.

'மூலிகை' என்ற சொல்லை நம்பிச் சோதிக்காமல் பூசுவது

அக்கா மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, உறவினர் திருமணம் ஒன்றுக்காக அவள் புறங்கையில் நானே கருப்பு மெஹந்தி வரைந்தேன். அரை மணி நேரத்தில் கழுவியபோது மைபோலக் கருத்திருந்தது, எல்லோரும் மெச்சினார்கள். ஒரு வாரம் கழித்து, கோடு இருந்த இடத்தில் மட்டும் அரிக்கிறது என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள். வெயிலாக இருக்கும், தேங்காயெண்ணெய் தடவு என்று சொல்லிவிட்டு, நான் அதை மறந்தும் போனேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து அவளுக்குப் பூப்பு நீராட்டு விழா வைத்தார்கள். காதோரத்தில் ஏழெட்டு நரைமுடிகள் இருந்தன. அவை போட்டோவில் தெரியுமே என்று அக்கா வருந்தினாள். பச்சை இலைப் படமும் 'மூலிகை' என்ற சொல்லும் போட்ட பாக்கெட் ஒன்றைக் கடையில் வாங்கி, தண்ணீரில் குழைத்து, விழாவுக்கு முதல் நாள் மாலையில் அவள் காதோரத்தில் பூசினேன். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் தெரியாமல் இல்லை. பார்லருக்கு வரும் பெரியவர்களுக்கு அப்போதே அதைச் செய்துகொண்டுதான் இருந்தேன். மூலிகைதானே, சொந்தப் பிள்ளைதானே என்று விட்டுவிட்டேன்.

விழாவுக்கு மறுநாள் காலையில் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு இமைகளும் பணியாரம்போல உப்பியிருந்தன. காதோரத்துத் தோல் கொப்புளம் கட்டி உடைந்து, வடிந்த நீர் தலையணை உறையில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. தோல் மருத்துவர் அவள் முகத்தைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி கருப்பு மெஹந்தி போட்டதுண்டா?" என்பதுதான். வீட்டுக்கு வந்து அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில், கடுகளவு எழுத்தில், மருதாணிப் பொடி என்ற சொல்லுக்கு அடுத்து பாரா ஃபினைலின் டையமின், பேரியம் பெராக்சைடு என்று இருந்தது.

பாரா ஃபினைலின் டையமின் என்பதைச் சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். முடியைக் கருப்பாக்கும் டைகளில் மிகப் பெரும்பாலானவை இதையோ இதன் உறவான இரசாயனங்களையோ கொண்டவை. மருதாணி இலையில் உள்ள நிறமி லாசோன். அது முதலில் ஆரஞ்சு நிறம் காட்டி, ஒன்றிரண்டு நாள்களில் அடர்ந்த செம்பழுப்பாக மாறுமே தவிர, ஒருநாளும் கருப்பாகாது. இலையை அரைத்து வைத்துவிட்டு இரவு முழுவதும் காத்திருந்த நம் பாட்டிமார்களின் கைகள் சிவந்தன, கருக்கவில்லை. ஆகவே அரை மணி நேரத்தில் கருப்பு ஏறுகிற எந்தக் கோனிலும் எந்தப் பொடியிலும், பெட்டியின் மேல் எந்த இலையின் படம் இருந்தாலும், மருதாணி அல்லாத ஒரு சாயம் கலந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது பி.பி.டி.தான். ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் இதை முடிக்குப் பயன்படுத்த இடமுண்டு. தோலில் ஓவியம் வரைய அனுமதியில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பெண்கள் எனக்கு மிகுந்த எரிச்சலூட்டுவது, "போன தடவை போட்டப்ப ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லும் இடத்தில்தான். இந்த ஒவ்வாமை அப்படித்தான் வேலை செய்கிறது. முதல் முறை படும்போது உடம்பு அந்தப் பொருளைப் பகையாக அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. அப்போது வெளியே எதுவும் தெரியாமலிருக்கலாம், லேசான அரிப்போடு அடங்கிவிடவும் செய்யலாம். பிறகு எப்போது மீண்டும் பட்டாலும், ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ முழு வேகத்தோடு எதிர்க்கிறது. ஆகவே போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது நமக்கு எந்த உறுதியையும் தருவதில்லை. ஒருமுறை அடையாளம் பதிந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். இன்று வேலைக்குப் போகும் என் அக்கா மகளுக்குச் சில அடர்நிற ஆடைகளின் சாயம்கூட அக்குளில் ஒத்துக்கொள்வதில்லை. பி.பி.டி.க்கு நெருங்கிய அமைப்புள்ள பென்சோகைன் என்ற மரப்பு மருந்தும் சேராமல் போகக்கூடும் என்பதால், பல் மருத்துவரிடம் உட்காருமுன் தன் ஒவ்வாமையை அவள் சொல்லியாக வேண்டியிருக்கிறது. சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது, "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கலர் பண்றாங்க சித்தி, எனக்கு மட்டும் கொடுப்பினை இல்ல" என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

இந்திய விதிகளின்படி பி.பி.டி. உள்ள டையின் உள் உறையிலும் வெளி உறையிலும் எச்சரிக்கை இருக்க வேண்டும். பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்கும்படி பெட்டியோடு வரும் குறிப்பில் சொல்லியிருக்க வேண்டும். முறை எளியது. காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சோப்பால் கழுவித் துடைத்து, குழைத்த டையை ஒரு மிளகளவு வைத்துக் காயவிட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். நான் அதற்குப் பிறகும் இன்னொரு நாள் காத்திருக்கச் சொல்கிறேன், ஏனெனில் அக்கா மகளின் இமை வீங்கியது இரண்டாம் நாளில்தான். ஒரு விலக்கு மட்டும் உண்டு: கருப்பு மெஹந்தி போட்டு எப்போதாவது அரிப்போ கொப்புளமோ கண்டவருக்கு இந்தச் சோதனையைக்கூட நாம் செய்யக் கூடாது. அவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இளநரைக்கு முதலில் டையைத் தேடுவது

பன்னிரண்டு வயதில் நரை கண்டவுடன் தாய்மார்கள் பதறுகிறார்கள். பள்ளியில் மற்ற பிள்ளைகள் 'பாட்டி' என்று அழைக்கிறார்கள் என்று மகளும் அழுகிறாள். அந்த அழுகையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் இந்த வயதில் வரும் நரைக்குப் பரம்பரை ஒரு காரணம் என்றால், வைட்டமின் பி12 குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவையும் காரணமாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்து குறையைக் கண்டறிய வேண்டிய நேரத்தில் நரையைக் கருப்பால் மூடிவிட்டால், உடம்பு காட்டிய அறிகுறியையே அழித்தவர்களாகிறோம். மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான் அனுப்பிய தாய்மார்களில் சிலர் வேறு பார்லருக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

புருவத்துக்கு டை

ஒருபோதும் கூடாது. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஒரு கொத்து நீலம்தானே என்று எண்ணுவது

வெளிநாட்டுப் பிள்ளைகளின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நுனியில் மட்டும் நீலமோ ஊதாவோ வேண்டும் என்று சிறுமிகள் கேட்கிறார்கள். நம் கருமுடியின் மேல் நீலம் பூசினால் அது கண்ணுக்கே தெரியாது. முதலில் ப்ளீச் பவுடரையும் பெராக்சைடு டெவலப்பரையும் கலந்து, அந்தக் கொத்தின் கருப்பை வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். நீலம் சில வாரங்களில் மங்கிவிடும். வெளுத்த முடி தானாகக் கருக்காது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், இடுப்பளவு கூந்தல் உள்ள பெண் அந்த நுனியைத் தானாக வளர்ந்து இறங்க விட முடியாது, வெட்டத்தான் வேண்டும். ஸ்ட்ரெயிட்டனிங்கும் கெரட்டின் சிகிச்சையும் இதைவிடக் கடுமையானவை. கெரட்டின் கலவைகளில் பலவும் சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ஆவியை வெளிவிடுகின்றன. அந்த நாற்காலியில் குழந்தையை நான் உட்கார வைப்பதில்லை.

விழாவுக்கு மட்டும் பெரியவளாக்குவது

நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு வாழ்க்கையின் முதல் முழு மேக்கப், அவர்கள் கேட்டு வருவதில்லை. பூப்பு நீராட்டு விழாவுக்காக நாமே மணப்பெண் அளவுக்குப் பூசிவிடுகிறோம். ஒரு சித்திரை மாதத்தில் அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பப்பட்ட பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு, நீரில் கலையாத ஃபவுண்டேஷன், பசை தடவிய ஒட்டு இமைகள், நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜடையலங்காரம் என்று எல்லாம் முடித்து மண்டபத்துக்கு அனுப்பினேன். மதியம் போய்ப் பார்த்தபோது, லிப்ஸ்டிக் கலைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு வாய்ச் சோறுகூட ஊட்டாமல் ஸ்ட்ரா வைத்துச் சாறு மட்டும் கொடுத்திருந்தார்கள். ஜடையின் எடை தாங்காமல், நாற்காலியின் சாய்வில் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து அவள் உறங்கிக்கொண்டிருந்தாள்; வீடியோ எடுப்பவர் வந்ததும் தட்டி எழுப்பினார்கள்.

நான்கு மாதம் கழித்து அதே பெண், தன் தாய் ஃபேஷியல் செய்துகொண்டிருந்தபோது, அலமாரியிலிருந்த லேசான ரோஜா நிற லிப் பாமைக் காட்டி, "அம்மா, இது வாங்கித் தர்றியா?" என்று கேட்டாள். "இந்த வயசுல உனக்கு என்ன லிப்ஸ்டிக்?" என்று கண்ணை மூடியபடியே தாய் அதட்டினார். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை; என் முகத்தைத்தான் பார்த்தாள். அவளுக்கு அத்தனையையும் பூசியவள் நான்.

அதன் பிறகு, இத்தகைய விழாக்களுக்கு வருவதானால் சில நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறேன்: ஒட்டு இமை கிடையாது, முகத்துக்கு மெல்லிய பூச்சுதான், உண்ணும் நேரத்தில் லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ளலாம், பெண் வேண்டாம் என்று சொல்வதை நான் செய்ய மாட்டேன்.

பள்ளி ஆண்டு விழாவில் ஒரே ஸ்பாஞ்ச்

முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஸ்பாஞ்சும் ஒரே கண்மைக் குச்சியும் போதும் என்று எண்ணாதீர்கள். ஒரு பிள்ளைக்குக் கண்வலி இருந்தால் வகுப்புக்கே வரும்.

சிவப்பழகு க்ரீம்

வேண்டாம். பெயர் தெரியாத க்ரீம்களில் பாதரசம் கலந்திருப்பதும், அது சிறுநீரகத்தைத் தாக்குவதும் 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் வெளிப்பட்டது. மேலும், குழந்தையின் நிறத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

டையைக் கை எட்டும் இடத்தில் வைப்பது

பூட்டி வையுங்கள். வாய்வழியாக உள்ளே போனால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், தசைகளும் சிறுநீரகமும் கெடும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

காரணம் சொல்லாமல் மறுப்பது

"கூடாதுன்னா கூடாது" என்று கேட்ட பெண்கள், பிறகு தோழியின் வீட்டில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டைக் குழைத்துப் பூசிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பத்து வயதுப் பெண்ணுக்குப் பி.பி.டி. என்றால் என்னவென்று விளங்கும். விளங்கும்படி சொல்ல நமக்குத்தான் பொறுமை இருப்பதில்லை. கருப்பு கோனோடு நான் தடுத்த அந்தப் பதினொரு வயதுச் சிறுமியை உட்கார வைத்து, அக்கா மகளின் கதையை அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். பாக்கெட்டின் பின்புறத்துச் சிறிய எழுத்தைக் காட்டினேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். அவள் உண்மையில் ஆசைப்பட்டது சித்தப்பாவின் திருமணத்துக்குத் தலையில் கொஞ்சம் சிவப்பு வேண்டும் என்பதற்குத்தான். கருப்பு மெஹந்தி அவள் தாயின் விருப்பம். கிளிப் வைத்த செந்நிற முடிக் கொத்து ஒன்றை எடுத்து, அவள் காதுக்குப் பின்னால் முடிக்கு அடியில் மாட்டிக் கண்ணாடியைக் காட்டினேன். தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைத் தானே கழற்றி, மறுபடியும் தானே மாட்டிப் பார்த்தாள். கைக்கு என்ன செய்வது என்று தாய் கேட்டார். கொல்லையில் மருதாணிச் செடி இருக்கிறதா என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் இருக்கிறதாம்.