சர்வாதிகார ஆட்சிகள் சின்னப் பசங்களை எப்படி பயன்படுத்துச்சு: கிளாஸ்ல சொல்லித் தர்றது எப்படி?

இந்தப் பாடத்தை முதல் தடவை எடுக்குறவங்க பெரும்பாலும் போர், சாவுன்னு ஆரம்பிச்சிடுறாங்க, உடனே பசங்க "அவங்க கெட்டவங்க, நாம அப்படி இல்ல"ன்னு முடிவு பண்ணிடுறாங்க. அதனால ஆசை காட்டி இழுத்த இடத்துல இருந்து தொடங்குங்க.

முதல்ல ஒரே ஒரு நாடு போதும், ஜெர்மனி எடுத்துக்கலாம். ஹிட்லர் இளைஞர் படை 1926ல ஆரம்பிச்சது, 1939 மார்ச்ல 10 வயசுல இருந்து 18 வரைக்கும் எல்லாரும் சேரணும்னு கட்டாயமாக்கிட்டாங்க. இந்த சட்டத்தை ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுங்க.

அடுத்தது தான் முக்கியம். யூனிஃபார்ம், டென்ட் போட்டு கேம்ப், ராத்திரி நெருப்பைச் சுத்தி பாட்டு, பத்து வயசுப் பையனையும் பெரிய ஆளா மதிக்கிறது, இதையெல்லாம் நிதானமா சொல்லிட்டு "நீ சேர்ந்திருப்பியா?"ன்னு கேளுங்க. பதிலை ஒரு சீட்டுல எழுதி நோட்டுக்குள்ளயே வச்சுக்கட்டும், நீங்க பார்க்க வேண்டாம், பார்ப்பீங்கன்னு தெரிஞ்சா உண்மையை எழுத மாட்டாங்க.

அப்புறம் போர்டுல ரெண்டு பக்கம் பிரிச்சு எழுதுங்க: என்ன கொடுத்தாங்க, என்ன எடுத்துக்கிட்டாங்க. ரெண்டாவது பக்கம் தான் கனமா இருக்கும். 1943ல அந்தப் படைப் பசங்களை வச்சே ஒரு டாங்கி டிவிஷன் உருவாக்கி, அடுத்த வருஷம் நார்மண்டி சண்டைக்கு அனுப்பினாங்க, நிறைய பேருக்கு 17, 18 வயசு தான். 1945 மார்ச்ல, தோக்கப் போறோம்னு தெரிஞ்ச நேரத்துலயும், 12 வயசுப் பையனுக்கு ஹிட்லர் மெடல் கொடுத்தாரு. பாட்டும் கேம்ப்பும் எதுக்காக இருந்துச்சுன்னு இங்க பசங்களே சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க.

இது ஒரு நாட்டோட கதை மட்டும் இல்லன்னு காட்ட சீனாவைச் சேர்த்துக்கோங்க. 1966ல அந்த நாட்டுத் தலைவர் மாவோ செங்காவலர்களை, அதாவது தனக்கு ஆதரவான மாணவர் படைகளை, ஊக்குவிச்சப்போ மாணவர்களே ஆசிரியர்களை அடிச்சாங்க, சில பேர் செத்தும் போனாங்க. ரெண்டு வருஷத்துல வேலை முடிஞ்சதும் அதே தலைமுறையை லட்சக்கணக்குல கிராமங்களுக்கு அனுப்பிட்டாங்க, நிறைய பேரோட படிப்பு அதோட போச்சு. எனக்கு மனசு ரொம்ப வலிக்கிற இடம் இது.

ஒரு எச்சரிக்கை: உணர வைக்கிறேன்னு கிளாஸ்லயே சர்வாதிகாரி வேஷம் போட்டு நடத்தாதீங்க. 1967ல கலிஃபோர்னியாவுல ஒரு ஆசிரியர் இப்படி செஞ்சு, சில நாள்லயே கை மீறிப் போய் நிறுத்த வேண்டியதாச்சு.

கடைசியா சோஃபி ஷோல், ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த ஒரு ஜெர்மன் கல்லூரி மாணவி. அரசை எதிர்த்து துண்டுப் பிரசுரம் கொடுத்ததுக்காக 1943 பிப்ரவரி 22ல தலையை வெட்டிக் கொன்னாங்க, வயசு 21. ஆனா அதே பொண்ணு சின்ன வயசுல ஹிட்லர் இளைஞர் படையோட பெண்கள் பிரிவுல ஆசையா சேர்ந்தவங்க, இதை மறக்காம சொல்லுங்க. சொன்னதும் பழைய சீட்டை எடுக்கச் சொல்லி, "எந்த இடத்துல உனக்கு முதல் சந்தேகம் வந்திருக்கும்?"னு பின்பக்கம் எழுத வைங்க. இதையும் வாங்கிப் பார்க்காதீங்க, அவங்ககிட்டயே இருக்கட்டும்.