கருவாட்டுச் சட்டியை இறக்கும் முன்

சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து பாம்பனுக்கோ கீழக்கரைக்கோ வீடு திரும்பியவருக்கு அகோரப் பசி எடுக்கும். உடல் தேறிவிட்டது என்று வீட்டார் மகிழ்வார்கள். பாதிப் பசி ஸ்டீராய்டு மாத்திரை தூண்டுவது. எடை ஏறுவது இப்படித்தான். சோற்றைக் குறைத்து, சாளையோ நெத்திலியோ குழம்பில் நன்றாக வெந்ததாகச் சாப்பிடலாம். பொரித்தது வேண்டாம். கருவாடு? நாக்கு கேட்கத்தான் செய்யும். எத்தனை முறை கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது; இரத்த அழுத்தம் ஏறும். கருப்பட்டியும் சர்க்கரைதான். புதிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை எடுப்பவருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். பம்பளிமாஸ் பழம் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடக்கூடும், தொடவே வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டே நாளில் 2 கிலோ ஏறினால் அது பெரும்பாலும் உடலில் தங்கிய நீர். அன்றே மருத்துவரை அழையுங்கள்.