டிரம்ஸுக்குள் புதைந்துபோன லீட் கிடார்: என் அனுபவம்

வீட்டில் தனியாக வாசித்தால் என் லீட் (தனித்து ஒலிக்க வேண்டிய கிடார் வாசிப்பு) அவ்வளவு இனிமையாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். டியூப் ஆம்ப்பில் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி) கெயின், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழ், 8; மிட், அதாவது நடுத்தர ஒலிக்கான குமிழ், 3 என்று வைத்திருந்தேன். தப்பு அங்கேதான். கிடாரின் குரல் இருப்பதே மிட்டில்.

சரி என்று மிட்டை 7க்கு ஏற்றினேன், அடி ஒலிக்கான பேஸ் குமிழை 3க்கு இறக்கினேன். கெயினை 5க்குக் குறைத்து மொத்த ஒலியளவான மாஸ்டர் வால்யூமைக் கூட்டினேன். ஸ்பீக்கரை இயக்கும் பவர் டியூப்கள் உழைக்க ஆரம்பித்ததும் ஒலிக்கு ஒரு கனம் வந்தது. அப்புறம் ஆம்ப்புக்கு முன்னால் ஒரு டியூப் ஸ்கிரீமர் (காலால் இயக்கும் ஓவர்டிரைவ் பெடல்): டிரைவ் (கரகரப்பு) கிட்டத்தட்ட 0, லெவல் (வெளிவரும் ஒலியளவு) முழுசாக. 720 ஹெர்ட்ஸ் பக்கத்தைத் தூக்கி, அடி ஒலியை அது குறைத்துவிடுவதால் முதல் டியூப்புக்குக் கொழகொழப்பில்லாத சிக்னல் போகிறது. நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம் இப்போது பாடுகிறது!

தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கடைத்தாற்போல இருக்கும். அதற்காக மிட்டை மறுபடி குறைத்துவிடாதீர்கள்.